காக்கி டவுசர்க்காரர்

எங்கள் வீட்டில் அவருக்கு 'டவுசர்க்காரன்' என்றுதான் பெயர். அம்மா வைத்தது. அவர் ஸ்டீவ் இர்வின், காக்கி டவுசர் போட்டுக்கொண்டு டிவியில் முதலையும் பாம்பும் பிடித்துக் காட்டிய ஆஸ்திரேலியர். அந்தப் பெயர் இன்றுவரை அம்மா வாயில் நுழையவில்லை. சாயங்காலம் தெருவில் விளையாடிக்கொண்டிருப்பேன். "ஏலே, ஒன் டவுசர்க்காரன் வந்துட்டான்" என்று வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பார். மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வருவேன்.

இது 2001 வாக்கில், தூத்துக்குடியில். கேபிளில் அனிமல் பிளானட் வரத் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எனக்குப் பதினாலு வயது. அவர் பேசிய ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் பாதிக்கு மேல் எனக்குப் புரியாது. ஆச்சரியப்பட்டால் 'க்ரைக்கி' என்பார், அது மட்டும் பிடிபட்டது. ஆனால் அந்த முகம் புரிந்தது. புழுதியில் குப்புறப் படுத்து, ஒரு முழத் தூரத்தில் தலை தூக்கி நிற்கும் பாம்பைக் காட்டி, பிறந்த குழந்தையைத் தொட்டிலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறவரைப் போலக் கேமராவிடம் கிசுகிசுப்பார். பாம்பை அவர் 'இவள்' என்பார். எவ்வளவு அழகாக இருக்கிறாள் பாருங்கள் என்பார். எங்கள் தெருவில் பாம்பு தென்பட்டால் கம்பைத் தேடி நாலு பேர் ஓடுவார்கள். சாரைப்பாம்பு எலி பிடிக்க வந்தாலும் அடிதான். அதை 'அழகு' என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை.

இன்னொன்றை அப்போதே கவனித்தேன், வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. பாம்பு சீறினாலும் முதலை பாய்ந்தாலும் அவர் அதன்மேல் பழி போட மாட்டார். இவளுடைய இடத்துக்குள் நான் வந்துவிட்டேன், இவளுக்குப் பயம், அதனால் கோபம் என்பார். கையில் கடி வாங்கி ரத்தம் வழியும்போதும் அதையேதான் சொல்வார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது எல்லாம் அந்த ஒரு குணத்திலிருந்து வந்ததுதான்.

அவர் மெல்பர்ன் பக்கம் 1962 பிப்ரவரி 22-ல் பிறந்தவர். அப்பா பாப், அம்மா லின். ஆறாவது பிறந்தநாளுக்கு அவருக்குக் கிடைத்த பரிசு பன்னிரண்டு அடி மலைப்பாம்பு. 1970-ல் குடும்பம் குயின்ஸ்லாந்து மாநிலத்துக்குப் பெயர்ந்து, பியர்வா என்ற ஊரில் சின்னதாக ஓர் ஊர்வனப் பூங்கா போட்டார்கள். ஒன்பது வயதில், அப்பா பக்கத்தில் நிற்க, ஸ்டீவ் தன் முதல் முதலையைப் பிடித்தார். லின் அம்மா அடிபட்ட கங்காருக் குட்டிகளைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்குள் வளர்ப்பாராம். இந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை வேறு எப்படி வரும்?

1980-களில் குயின்ஸ்லாந்து அரசின் முதலைத் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, வடக்கே அலையாத்திக் காடுகளில் கூடாரம் போட்டு, ஒரு நாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் கிடந்தார். மனிதக் குடியிருப்புகளுக்கு அருகே வந்துவிட்ட உப்புநீர் முதலைகளைச் சுட்டுக் கொல்லாமல், உயிரோடு பிடித்து அப்புறப்படுத்தும் வேலை அது. அங்கே தோலுக்காக முதலைகளை வேட்டையாடி ஏறக்குறையத் துடைத்தே விட்டிருந்தார்கள். 1974-ல்தான் குயின்ஸ்லாந்தில் அவற்றுக்குப் பாதுகாப்பு வந்தது. எண்ணிக்கை மெல்ல ஏற ஏற, மக்களின் பயமும் கூடவே ஏறியது. அந்தப் பயத்துக்கும் முதலைக்கும் நடுவில் போய் நின்றவர் இவர். 1991-ல் பூங்காவுக்கு வந்த அமெரிக்கப் பெண் டெரியை அடுத்த வருஷமே கல்யாணம் செய்துகொண்டார். தேனிலவுக்குப் போன இடமும் முதலை பிடிக்கிற இடம்தான். அப்போது எடுத்த படம்தான் 'தி குரோகடைல் ஹண்டர்' தொடரின் முதல் நிகழ்ச்சியாக வந்தது. தலைப்பில் வேட்டைக்காரர் என்று இருந்தாலும், தொடர் முழுக்க அவர் செய்தது உயிரைக் காப்பாற்றுகிற வேலைதான்.

2006 செப்டம்பர் 4. நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். மெஸ் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. போர்ட் டக்ளஸ் அருகே பாட் ரீஃப் என்ற பவளத்திட்டில், படப்பிடிப்பில், திருக்கை மீனின் முள் நெஞ்சில் குத்தி இறந்துவிட்டார் என்றார்கள். நாற்பத்து நாலு வயது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன்.

"திருக்கை முள்ளா?" என்றார் அம்மா. கடற்கரை ஊர்க்காரர்களுக்குத் திருக்கை தெரியும். வலையிலிருந்து எடுக்கும்போது கையில் குத்தும், ஆழமில்லாத தண்ணீரில் மிதித்தால் காலில் குத்தும். "கால்லதானல குத்தும்? நெஞ்சுல எப்படிலே குத்தும்?" அம்மா அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. "அந்தப் பிள்ளைகள நெனச்சாத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார். மகள் பிண்டிக்கு அப்போது எட்டு வயது. மகன் ராபர்ட்டுக்கு மூன்றுகூட நிறையவில்லை.

அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு செய்ய அரசாங்கம் முன்வந்தது. குடும்பம் வேண்டாம் என்றுவிட்டது. சாதாரண மனிதனாக நினைக்கப்படுவதையே அவன் விரும்புவான் என்றார் தந்தை பாப். செப்டம்பர் 20-ல் அவருடைய பூங்காவின் முதலை அரங்கத்திலேயே நினைவு நிகழ்ச்சி நடந்தது. பிண்டி, தானே எழுதி வந்த தாளைப் பார்த்து, என் அப்பாதான் என் ஹீரோ என்று நிமிர்ந்து நின்று வாசித்தாள். முடிவில் அவருடைய வண்டியில் காட்டுக்குப் போகிற சாமான்களை ஏற்றி, எப்போதும் பயணம் கிளம்புகிற மாதிரி, ஊழியர்கள் இருபுறமும் நிற்க வெளியே ஓட்டிப் போனார்கள். மண்ணில் மஞ்சள் பூக்களால் 'க்ரைக்கி' என்று எழுதியிருந்தார்கள். அதை இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

வேலை கிடைத்து 2012-ல் பிரிஸ்பேனுக்கு வந்தேன். பெட்டியைப் பிரித்த முதல் வாரக் கடைசியிலேயே பியர்வாவுக்குக் கிளம்பிவிட்டேன். வடக்கே சுமார் எண்பது கிலோமீட்டர். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து போகும் பாதைக்கு இப்போது ஸ்டீவ் இர்வின் வே என்று பெயர். போகிற வழியில் கிளாஸ் ஹவுஸ் மலைகள், சமவெளியில் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழும்பி நிற்கும் பழைய எரிமலைகளின் மிச்சங்கள். டிவியில் அவருக்குப் பின்னால் எத்தனை தடவை பார்த்த மலை. வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சும்மா நின்றேன்.

பூங்காவில் நான் தேடிப் போனது ஹாரியட் இருந்த இடத்தை. ஹாரியட் ஒரு கலாபகஸ் தீவுப் பேராமை. சுமார் 175 வயது வாழ்ந்தாள். ஸ்டீவ் இறப்பதற்குச் சுமார் இரண்டரை மாதம் முன்னால், அந்த ஜூனில்தான் அவள் போனாள். அவளுக்குப் பிடித்த தீனி செம்பருத்திப் பூ. எங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மா சாமிக்குப் பறிக்கிற அதே செம்பருத்தி.

சரி, நான் சொல்ல வந்தது இந்த நாட்டுக்கு வந்து குடும்பம் நடத்தும்போது அவர் எங்கெல்லாம் எனக்குக் கைகொடுத்தார் என்பதை.

மூன்றாம் வருஷம் அம்மா வந்திருந்தார். ஒரு நாள் காலையில் பின்கட்டிலிருந்து ஒரே அலறல். கார் நிறுத்தும் கொட்டகையின் உத்திரத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் நீளமான பாம்பு ஒன்று சாவகாசமாகச் சுற்றிக்கொண்டு கிடந்தது. அம்மா துடைப்பத்தை எடுத்துவிட்டார். நான் அவரையும் மனைவியையும் மகளையும் வீட்டுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, தூர நின்று ஒரு படம் எடுத்து, உரிமம் பெற்ற பாம்பு பிடிப்பவர் ஒருவருக்குப் போன் செய்தேன். படத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். கார்ப்பெட் பைத்தான், விஷமில்லாத மலைப்பாம்பு. எலிக்காக வந்திருக்கிறது, விட்டுவிட்டால் தானே போய்விடும், வேண்டுமென்றால் வந்து எடுக்கிறேன் என்றார். விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் காணோம். எலியையும் காணோம்.

இங்கே புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, பாம்பை அடிக்காதீர்கள் என்பதைத்தான். குயின்ஸ்லாந்தில் நாட்டுப் பாம்புகள் எல்லாமே சட்டப் பாதுகாப்பில் உள்ளவை, கொல்வது குற்றம். அதைவிட முக்கியமான காரணம், அடிக்கப் போகிறவரும் பிடிக்கப் போகிறவரும்தான் பெரும்பாலும் கடிபடுகிறார்கள். விலகி நின்றால் அது தன் வழியில் போய்விடும். நாயையும் குழந்தையையும் உள்ளே கூப்பிட்டுவிட்டு, பாம்பு எங்கே போகிறது என்று தூரத்திலிருந்து கண் வைத்திருந்தால் போதும். இந்த இடத்தில் ஸ்டீவிடமிருந்து நான் விலகுகிறேன். வாலைப் பிடித்துத் தூக்கிய அவருக்குப் பின்னால் சிறுவயதிலிருந்து கற்ற கை இருந்தது. அவரிடமிருந்து அந்தக் கண்ணை வாங்கிக்கொள்ளலாம், அந்தக் கையை வாங்க முடியாது. என் மகள் பழைய நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து இதை ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.

கடிபட்டால் என்ன செய்வது என்பதை அலுவலகத்தில் நடந்த முதலுதவி வகுப்பில் கற்றேன். இங்கே சொல்லித் தருவது இது: கடிவாயைக் கழுவக் கூடாது, ஏனென்றால் தோலில் ஒட்டியிருக்கும் விஷத்தை வைத்து எந்த வகை என்று மருத்துவமனையில் சோதிக்க முடியும். அகலமான எலாஸ்டிக் பேண்டேஜால் அந்தக் கையையோ காலையோ முழுவதுமாக இறுக்கிச் சுற்றி, கட்டை வைத்து அசையாமல் கட்டி, ஆளைப் படுக்க வைத்து, இங்கத்திய அவசர எண்ணான 000-க்கு அழைக்க வேண்டும். நடக்கவே கூடாது. இதைக் கேட்டுவிட்டு ஊரிலும் இப்படியே செய்துவிடாதீர்கள். இந்தியாவில் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடிகள் அதிகம். அவற்றின் விஷம் கடித்த இடத்திலேயே சதையை அழிக்கும் என்பதால் இறுக்கிக் கட்டுவதை அங்கே பரிந்துரைப்பதில்லை. கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். அசைக்காமல் வைத்து 108-ல் விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் வழி.

அடுத்தது ஒரு ராத்திரி. சன்ஷைன் கோஸ்ட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சாலை ஓரத்தில் ஒரு வாலபி, சின்ன வகைக் கங்காரு, அடிபட்டுக் கிடந்தது. ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது. "போயிரலாங்க, இருட்டா இருக்கு" என்றாள் மனைவி. அவள் சொன்னதும் நியாயம்தான், இருட்டுச் சாலையில் இறங்குவது ஆபத்து. வண்டியை நன்றாக ஓரம் தள்ளி, எச்சரிக்கை விளக்குகளைப் போட்டுவிட்டு இறங்கிப் போய் வயிற்றுப் பையைப் பார்த்தேன். உள்ளே ஏதோ அசைந்தது. ரோமம்கூடச் சரியாக வளராத குட்டி, தாயின் காம்பை வாயில் கவ்விக்கொண்டிருந்தது.

அதை இழுக்கக் கூடாது. காம்பு அதன் வாய்க்குள் உப்பி இருக்கும், இழுத்தால் வாய் கிழிந்துவிடும். இது விலங்கு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தபோது அங்கிருந்த பெண் சொன்னது. முடிந்தால் தாயின் உடலோடு சேர்த்தே கொண்டுவாருங்கள், துணியால் மூடிச் சூடாகவும் இருட்டாகவும் வையுங்கள், பேச்சுச் சத்தம் வேண்டாம், தண்ணீரோ பாலோ எதுவும் கொடுக்காதீர்கள் என்றார். மாட்டுப்பால் இந்தக் குட்டிகளுக்குச் செரிக்காது. மனைவி தன் துப்பட்டாவைக் கொடுத்தாள். தாயைக் கான்வாஸில் சுற்றிப் பின்பக்கம் ஏற்றினோம். ரேடியோவை அணைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிப் போனோம்.

போன இடம் பியர்வா. பூங்காவை ஒட்டி இருக்கும் அந்த விலங்கு மருத்துவமனையை ஸ்டீவும் டெரியும் 2004-ல் தொடங்கினார்கள். முதலில் ஒரு பழைய அவகாடோ கொட்டகையில்தான் அது இயங்கியது. விபத்தில் இறந்துபோன லின் அம்மாவின் நினைவாக. அவர் துணிப்பையில் செய்ததை மகன் ஆஸ்பத்திரியாகக் கட்டினார் என்றுதான் எனக்குத் தோன்றும். ராத்திரி பதினொன்றரை மணிக்கும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குட்டியை வாங்கிக்கொண்டவர் கேட்ட முதல் கேள்வி, எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்பது. பிழைத்து வளர்ந்தால் அதே பகுதியில்தான் திருப்பி விட வேண்டும், அதனால் இடத்தைச் சரியாகக் குறித்து வைத்திருங்கள் என்றார். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. இப்போதெல்லாம் எந்த விலங்கை எடுத்தாலும் முதலில் போனில் இடத்தைக் குறித்துக்கொள்கிறேன். காரில் ஒரு பெட்டி, இரண்டு பழைய துண்டு, டார்ச் எப்போதும் கிடக்கும். கட்டணம் எதுவும் கேட்கவில்லை. அந்தக் குட்டி பிழைத்ததா என்பது எனக்குத் தெரியவரவில்லை. பிழைத்தது என்று என் மகள் முடிவு செய்துவிட்டாள், நான் மறுத்துப் பேசவில்லை.

முதலைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வடக்கு குயின்ஸ்லாந்துக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் நிறைய. ஆற்றோரம் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை இருக்கும். அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துவிட்டு அப்படியே தண்ணீருக்கு இறங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். உப்புநீர் முதலை தண்ணீருக்குள் அசையாமல் கிடக்கும், ஒரு அலை வட்டம்கூடத் தெரியாது. கரையிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மீன் கழிவையும் சாப்பாட்டு மிச்சத்தையும் தண்ணீர் ஓரம் போடக் கூடாது. தினமும் ஒரே நேரம் ஒரே இடத்தில் இறங்கினால் அது கவனித்து வைத்துக்கொள்ளும். பலகை இல்லை என்பதற்காக முதலை இல்லை என்று அர்த்தமில்லை.

அதைப் பிடித்து வேறெங்காவது விட்டுவிடலாமே என்பார்கள். ஸ்டீவே இளமையில் செய்த வேலைதான் அது. பின்னாளில் அவரும் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் ஃப்ராங்க்ளினும் சேர்ந்து, மூன்று முதலைகளுக்கு செயற்கைக்கோள் கருவி பொருத்தி, ஹெலிகாப்டரில் தூரத்துக்குக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். மூன்றும் பழைய இடத்துக்கே திரும்பின. ஒன்றைக் கேப் யார்க் தீபகற்பத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றியிருந்தார்கள். அது வடமுனையைக் கடல் வழியே சுற்றிக்கொண்டு, நானூறு கிலோமீட்டருக்கு மேல் இருபது நாளில் நீந்தி வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த ஆய்வு 2007-ல், அவர் இறந்த பிறகு, அவர் பெயரையும் தாங்கி வெளிவந்தது. அவர்மேல் எனக்கு மரியாதை உச்சத்துக்குப் போனது இதைப் படித்தபோதுதான். வருஷக்கணக்கில் உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலை சரிப்படுமா என்று தானே சோதித்துப் பார்க்க எத்தனை பேருக்கு மனம் வரும்? டிவியில் பார்த்த துள்ளலுக்குப் பின்னால் இவ்வளவு பொறுமையான மனிதர் இருந்திருக்கிறார்.

கைக்குழந்தை ராபர்ட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு முதலைக்குத் தீனி போட்டதற்காக 2004-ல் உலகமே அவரைத் திட்டியது. அப்போது நான் அவர் பக்கம் சண்டை போட்டேன். மகள் பிறந்த பிறகு அந்தக் காட்சியைப் பார்த்தபோது என்னால் அப்படிப் பேச முடியவில்லை. அது வேண்டாத வேலைதான். அதனால் என் பிரியம் குறையவில்லை.

திருக்கையையும் விட்டுவிடக் கூடாது. அவர் இறந்த சில நாட்களில் குயின்ஸ்லாந்துக் கரைகளில் வால் வெட்டப்பட்ட திருக்கைகள் செத்துக் கிடந்தன. யாரோ பழிவாங்கியிருக்கலாம் என்றார்கள். அவர் பெயரைச் சொல்லிச் செய்திருந்தால் அதைவிடப் பெரிய அவமரியாதை அவருக்கு இல்லை. திருக்கை யாரையும் துரத்தி வந்து குத்துவதில்லை, பயந்தால்தான் வாலை வீசும். மணல் தரையுள்ள ஆழமில்லாத கடலில் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடந்தால், அதிர்வு தெரிந்து அது முன்னாலேயே விலகிவிடும். என் மகளுக்கு நீச்சலுக்கு முன்னால் இந்த நடையைத்தான் கற்றுக்கொடுத்தேன். காலில் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான வெந்நீரில் காலை வைத்தால் வலி குறையும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தி முள் உள்ளே நின்றால் பிடுங்கக் கூடாது, அப்படியே வைத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அம்மா அன்று போனில் கேட்ட கேள்வி இதைச் சொல்லும்போதெல்லாம் காதில் விழுகிறது.

அம்மா இரண்டாவது தடவை வந்தபோது முதலை அரங்கத்துக்குக் கூட்டிப்போனேன். ராபர்ட் காக்கி உடையில் ஓடி வந்தான். அதே முகம், அதே துள்ளல். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, டவுசர்க்காரன் மவனா இது?" என்றார். முழு நிகழ்ச்சியும் கையை விடவில்லை. முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

போன மழைக்காலத்தில் தூத்துக்குடியிலிருந்து போன். கொல்லையில் செம்பருத்தி மூட்டில் பாம்பு வந்துவிட்டதாம். பக்கத்து வீட்டுப் பையன்கள் கம்போடு வந்துவிட்டார்கள். அம்மா வாசலில் நின்று ஒருத்தரையும் உள்ளே விடவில்லை. தீயணைப்பு நிலையத்துக்கு ஆள் அனுப்பி, அவர்கள் வந்து பிடித்துச் சாக்கில் போட்டுக் கொண்டுபோகிற வரைக்கும் நாற்காலியைப் போட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

"நல்ல பாம்புலே. நல்ல மினுமினுன்னு இருந்தா" என்றார்.

அப்புறம், டவுசர்க்காரன் மவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்.